அப்பா வரும் மட்டும்

அது எலி இல்லை.

நேற்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள், மூன்றாம் வகுப்பில் தவக்காலம் முழுக்க ஒரு மணம் வந்ததே, சுவருக்குள் எலி செத்துக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று. அதற்குக் கீழே மற்றவர்கள் மூக்கைப் பொத்தின படங்களாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தை இடிக்கப் போகிறார்களாம். அதற்கு முதல் சனிக்கிழமை பழைய பிள்ளைகள் எல்லாரும் அங்கே கூடி மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடப் போகிறோமாம். பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க முதல் இந்த எலியின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அது என்னுடைய சாப்பாடு. பாணும் முட்டைப் பொரியலும், சில நாளில் பாணும் தகரத்தில் அடைத்த ரின்மீனும். கடுதாசியில் திரும்பச் சுற்றி, என் மேசைக்குள்ளே, அற்லஸ் புத்தகத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தேன்.

சிரித்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. நானே சில நாளில் சிரித்திருக்கிறேன். கட்டடம் பார்க்கிற கிழவன் முழங்காலில் நின்று ஹீற்றருக்குக் கீழே ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்ததும், அலுமாரியை இழுத்ததும், கடைசியில் எலி சுவருக்குள்ளே போய்ச் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னதும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஹீற்றருக்குப் பக்கத்து மேசைதான் என்னுடையது.

அந்தத் தவக்காலத்தை உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. முதல் மணி அடித்தால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஓடின நிலையிலேயே அசையாமல் நிற்க வேண்டும். பனிச் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போடுகிற சப்பாத்தை மாட்ட வேண்டும். நடைபாதையில் வலது பக்கமாக, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு போக வேண்டும். 'ஓ கனடா' கீதம் முடிந்த கையோடு ஒலிபெருக்கியில் செபம். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல் நாள், கலர் கடுதாசியில் நாங்கள் வெட்டி ஒட்டின 'அல்லேலூயா'வைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு மூடினார்கள். உயிர்த்த ஞாயிறு வரும் மட்டும் அந்தச் சொல்லை வாயால் சொல்லக்கூடாது. மாதா சுரூபத்துக்கு ஊதாத் துணி போர்த்தினார்கள். துணிக்குள்ளே மாதாவுக்கு மூச்சு முட்டாதோ என்று நான் கவலைப்பட்டேன்.

ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு மட்டைப் பெட்டி வைத்தார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கிற பெட்டி. அதன் முகப்பில் மெலிந்த பிள்ளை ஒன்றின் படம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் படத்தையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், பிறகு என் பென்சிலைத் திருப்பித் தந்தான். அதுவரை அதை அவன் என்னிடம் பறித்து வைத்திருந்தான்.

எங்கள் ரீச்சரை மறந்திருக்கமாட்டீர்கள். சுவெற்றர் கைக்குள் எப்போதும் மூக்குத் துடைக்க ஒரு கடுதாசிக் கைலேஞ்சி வைத்திருப்பார். நல்லவர். எனக்கு இங்கிலீசு அரையும் குறையுமாக இருந்ததால், சொல்வதையெல்லாம் கையாலும் நடித்துக் காட்டுவார். விபூதிப் புதனன்று ஒறுத்தலைப் பற்றிச் சொன்னார். தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை விட வேண்டும். விட்டது வலிக்க வேண்டும். வலியை ஒருவருக்காக ஒப்புக்கொடுத்தால் ஆண்டவர் அதை வாங்கிக்கொள்வார். ஆனால் ஒருவருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் பலன் போய்விடும். வாயில் விரலை வைத்துப் பூட்டுப் பூட்டிக் காட்டினார். பிறகு, அதே வாயால், ஒவ்வொருவராக எழுப்பி என்ன விடப்போகிறாய் என்று கேட்டார்.

எனக்கு முதல் எழும்பின பிள்ளை சொக்கிலேற் என்றது. நானும் சொக்கிலேற் என்றேன். எங்கள் வீட்டில் சொக்கிலேற் இருந்ததே இல்லை. ரீச்சர் நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினார். நான் உண்மையில் விட்டது வேறு.

அப்பா எங்களை முதல் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவதாக இருந்தது. கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். தை மாதம் ஒரு நாள் விடிய ஆமிக்காரர் லொட்ஜைச் சுற்றிவளைத்து ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போனார்களாம். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அப்பா வரவில்லை. இந்தச் செய்தி எங்களுக்கு வந்தது மேல்மாடி அன்ரி வீட்டுத் தொலைபேசியில். அன்ரி மன்னார்ப் பக்கத்து ஆள், ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை, நாங்கள் இருந்த கட்டடத்தில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் இங்கிலீசு பேசுகிற வாய் அவர்தான். டோர்செட் பார்க்கில் அந்தக் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல்கனியில் எல்லாம் உடுப்புக் காயும்.

அன்றிலிருந்து அம்மா ஆளே மாறிப்போனார். அழமாட்டார். அடுப்பில் வைத்ததை மறந்துபோய் நிற்பார். தம்பி கூப்பிட்டால் மூன்றாந்தரம்தான் திரும்புவார். தவக்காலம் தொடங்க, அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்தார். அவர் சொன்னது போர்வைக்குள்ளே எனக்குக் கேட்டது. பாஸ்கா மட்டும் ஒருசந்தி பிடிக்கிறன், மத்தியானம் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டன், அவரைக் கொண்டுவந்து விடும். அவ்வளவுதான். ஒருசந்தி என்றால் உங்களுக்குத் தெரியும், உயிர்த்த ஞாயிறான பாஸ்கா வரைக்கும் நாளுக்கு ஒரு நேரம்தான் வயிறு நிறையச் சாப்பாடு.

ஒரு ஆள் பிடித்து அப்பா வராவிட்டால் இரண்டு பேர் பிடித்தால் வருவார்தானே. எட்டு வயது மூளைக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடக் கழிவறையில் நின்று நானும் நேர்ந்தேன்.

பெரியவர்கள் நேரும்போது எல்லை வைத்துத்தான் நேருவார்கள். பாஸ்கா மட்டும், திருநாள் மட்டும், ஒன்பது செவ்வாய் மட்டும் என்று. எனக்கு அது தெரியாது. நான் நேர்ந்தது இப்படி: அப்பா வரும் மட்டும்.

மத்தியானம் வகுப்பிலேயே சாப்பிடுவோம். கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு பெண் கதவடியில் நின்று பார்ப்பார். நான் கடுதாசியை விரித்துப் பாணைக் கையில் எடுப்பேன், அவர் மற்றப் பக்கம் திரும்ப மூடிவிடுவேன். முட்டைப் பொரியலில் அம்மா போடுகிற வெங்காயமும் பச்சைமிளகாயும் மணக்கும். வாயில் தண்ணி ஊறும். அதை விழுங்கலாமா கூடாதா என்று யோசித்துத் துப்பிவிட்டு வருவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா கண்டுபிடிப்பார். வழியில் குருவிகளுக்குப் போடலாம் என்றால் தம்பி கூட வருவான், அவன் வாயில் ஒன்றும் நிற்காது. குப்பையில் போடுவது பாவம், அதை ரீச்சரும் சொல்லியிருந்தார், அம்மாவும் சொல்லியிருந்தார். அதனால்தான் அற்லசுக்குப் பின்னால் அடுக்கினேன். சனி ஞாயிறில் வீட்டில், பிறகு சாப்பிடுறன் என்று சொன்னாலே போதும், அம்மா அந்த நாளில் கவனிக்கிற நிலையில் இல்லை.

பிறகு வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை. ஜிம்மில் ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு நிலையை நடித்துக் காட்ட வேண்டும். எங்களுக்கு ஆறாம் நிலை, வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறது. துவாய் என் கையில். ஜிம்மின் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சத்தமெல்லாம் தூரப்போனது வரைக்கும் தெரியும். விழுந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். நடிப்பு என்று சிலர் கைதட்டினீர்களாம்.

கண் திறக்க நோயாளர் அறைக் கட்டில். பொழுதைக்கும் வாயில் ஒன்றும் வைக்கவில்லைப் போல என்று யாருக்கோ பட்டிருக்க வேண்டும். ரீச்சர் என் சாப்பாட்டை எடுத்துவர வகுப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது கைலேஞ்சியை மூக்கில் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டார். நான் வாய்ப் பூட்டைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப, மெதுவாக, கேட்டார். பசியும் பயமும் சேர்ந்து எனக்கு வாய் தவறிவிட்டது. என் அரைகுறை இங்கிலீசில், அப்பாவுக்காக என்றேன். அதற்கு மேல் சொன்னால் முழுப் பலனும் போய்விடும் என்று பல்லைக் கடித்தேன்.

அதிபரும் ரீச்சரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் விளங்கியது. வீட்டில் ஒரு தகப்பன் இருக்கிறான், பிள்ளையைச் சாப்பிட விடாமல் வெருட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஒறுத்தல் படிப்பித்தவர்கள் அவர்கள்தான். ஒரு பிள்ளை அதைச் சொன்னபடியே செய்துவிட்டது என்பது மட்டும் அவர்களுடைய தலையில் வரவேயில்லை. வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர் இருந்தீர்கள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அன்ரி வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளைகள் பராமரிப்புக்காரர் வீட்டுக்கு வருவார்களாம், என்னைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாமாம். அன்ரி படியிறங்கி வந்து சொன்னதும் அம்மா நிலத்தில் இருந்துவிட்டார்.

"அக்கா, பிள்ளையளைக் கொண்டுபோயிடுவினமோ?"

"உப்பிடித்தான் கீழ்மாடிப் பிள்ளை ஒண்டைக் கொண்டுபோய் ஒஷாவாவிலை ஆரோ வெள்ளைக்காரர் வீட்டிலை விட்டவையெண்டு சொன்னவங்கள். உண்மையோ தெரியாது."

சொல்லியிருக்கவேண்டாம். அம்மா எழும்பி, நாங்கள் பிளேனில் கொண்டுவந்த அதே பையை எடுத்து எங்கள் உடுப்பை அடைக்கத் தொடங்கினார். ரெக்ஸ்டேலில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார். அங்கே போய் ஒளிக்கலாம் என்றார். அன்ரி பையைப் பறித்தார்.

"விசர் வேலை பாராதை தங்கச்சி. ஓடினா வேற மாதிரி எடுப்பாங்கள். இரு. வீட்டைத் துப்புரவாக்கு. பிறிஜ்ஜை நிரப்பு. சாப்பாடு இல்லாத வீடு எண்டு சொல்ல விடாதை."

அந்தச் சனியும் ஞாயிறும் கட்டடம் முழுக்க எங்களுக்காக அடுப்பு எரிந்தது. தவக்காலம் என்பதால் இறைச்சி தவிர எல்லாக் கறியும் வந்தது. பிறிஜ் கதவு மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டினோம். அம்மா இடைக்கிடை என்னைப் பிடித்து உலுப்பிக் கேட்பார். "ஏன் பிள்ளை சாப்பிடேல்லை? சொல்லன். நான் என்ன செய்தனான் உனக்கு?" காலையும் இரவும் நான் நன்றாகச் சாப்பிட்டது அம்மாவுக்கு இன்னும் குழப்பம். நான் கல்லு மாதிரி இருந்தேன் என்று பிற்காலத்தில் தம்பி சொல்வான். எனக்குத் தெரியும் நான் எப்படி இருந்தேன் என்று. வாய் திறந்தால் அப்பா செத்துப்போவார், திறக்காவிட்டால் எங்களைக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன வழி இருந்தது?

திங்கட்கிழமை வந்தவர் ஒரு இளம் பெண். வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அது எனக்குப் பிடித்தது. பிறிஜ்ஜைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா கயிற்றை அவிழ்த்தார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. நாங்கள் நிரப்பி வைத்தது எங்களுக்கே வினையாகிவிட்டது. இவ்வளவு சாப்பாடு இருக்கிற வீட்டில் பிள்ளை பசியில் விழுகிறது, அதற்கு மேலே கயிறு வேறு கட்டியிருக்கிறது. அவர் வேறு எப்படித்தான் நினைப்பார்.

அப்பா எங்கே என்று கேட்டார். அன்ரி சொன்னார். அதை அவர் நம்பினாரோ தெரியாது. கடைசியாக, பிள்ளை இப்போது என் முன்னால் சாப்பிடட்டும் என்றார். அன்ரி அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, பிள்ளை இப்ப சாப்பிட வேணுமாம். சாப்பிடாட்டி இண்டைக்கே டொக்ரரிட்டைக் கொண்டுபோறாவாம். அங்கால என்னெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

அம்மா சோறும் பருப்பும் குழைத்து என் வாயடிக்குக் கொண்டுவந்தார். நான் உதட்டை இறுக்கினேன். சோறு உதட்டில் பட்டு நிலத்தில் விழுந்தது. மணிக்கூட்டில் நேரம் மத்தியானம். நான் மணிக்கூட்டைப் பார்த்ததை அம்மா பார்த்தார். பிறகு அந்தோனியார் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய வயிற்றிலும் அந்த நேரம் ஒன்றும் இல்லை. ஒருசந்திக்காரிக்கு ஒருசந்திக்காரியைத் தெரியாதா.

"நேந்தனியோ?" என்றார், மிக மெல்ல.

நான் தலையாட்டினேன்.

"அப்பாவுக்கோ?"

"ஓம்."

"எது மட்டும்?"

"அப்பா வரும் மட்டும்."

அம்மாவின் சோற்றுக் கை அப்படியே நின்றது. வந்த பெண் அன்ரியைப் பார்த்தார், அன்ரி அம்மாவைப் பார்த்தார். பாஸ்காவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதோடு அம்மாவின் நேர்த்தி முடிந்துவிடும். என்னுடையதற்கு முடிவு இல்லை. அது அம்மாவுக்கு விளங்கியிருந்தது, எனக்கு விளங்கவில்லை.

"சரி. அதை என்னட்டைத் தா," என்றார். "உன்ர பங்கை நான் பிடிக்கிறன். அப்பா வரும் மட்டும் நான் பிடிக்கிறன். நீ வாயைத் திற, என்ர குஞ்சு."

"அப்பிடி மாத்தலாமோ?"

"தாய் மாத்தலாம். ஆண்டவருக்குத் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டார். அன்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடு மகளே, ருசியாக இருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னார். நான் முழுக் கோப்பைச் சோற்றையும் முடித்தேன். பாரம் போனவுடன் எனக்கு அப்படி ஒரு பசி.

எங்களைக் கொண்டுபோகவில்லை. கொஞ்ச நாள் அதிபரின் அறையில் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். பாஸ்கா வந்தது, பெட்டியிலிருந்து அல்லேலூயாவை எடுத்து விரித்தார்கள், மாதாவின் துணியை எடுத்தார்கள். அப்பா வரவில்லை. அந்த வருசமும் இல்லை, அடுத்த வருசமும் இல்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை. செத்தவருக்கு வைக்கிற பூசை வைக்க விடவும் இல்லை.

அம்மாவிடம் கொடுத்த நேர்த்தியை நான் மறந்துபோனேன். பிள்ளைகள் மறப்பார்கள்தானே. அம்மாவுக்குப் பாண் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கச் சூட்டுப் பாணின் மணத்துக்குள் நிற்பார். லீவு நாளில் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால், பிறகு சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ என்பார். என் கலியாண வீட்டிலும் மத்தியானப் பந்தியில் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டார், தான் சாப்பிட இருக்கவில்லை. எங்களுக்காக மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு சீனி வருத்தத்துக்குப் பயந்து என்று நினைத்தேன். ஒருநாள், உங்களுக்கு ஆரோடையும் சேர்ந்து சாப்பிடவே தெரியாது அம்மா என்று பேசியும் இருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு தட்டைக் கழுவினார்.

இப்போது அம்மா முதியோர் இல்லத்தில். என்னைச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. போன மாதம் கூப்பிட்டார்கள். எடை இறங்கிக்கொண்டே போகிறதாம். காலையில் கொஞ்சம் எடுக்கிறார், இரவில் கொஞ்சம் எடுக்கிறார், மத்தியானம் மட்டும் கரண்டியைக் கண்டால் உதட்டை இறுக்குகிறாராம், பலவந்தப்படுத்தினால் அழுகிறாராம். இப்படியே போனால் குழாய் போடுவதைப் பற்றி நாங்கள் முடிவு சொல்ல வேண்டுமாம். நானும் தம்பியும் போனோம். தம்பி வீடு வாங்கியிருப்பது ஒஷாவாவில்தான், இதைச் சொல்லி நாங்கள் சிரிப்பது உண்டு. அன்று சிரிக்கவில்லை.

பிலிப்பினோப் பிள்ளை ஒன்று கரண்டியை நீட்டியது. அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளைக்குத் தமிழில் சொன்னார். "ஏலாது மோனை. இது என்ர பிள்ளையின்ர. அவர் வரேல்லை இன்னும்."

அம்மாவிடம் கொடுத்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தம்பியை ஒரு பக்கம் இழுத்து அந்த நேர்த்தியைச் சொன்னேன். அவனுக்கு அரைவாசிதான் ஞாபகம். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அக்கா, அப்ப ஜஸ்ற் சொல்லுங்கோவன், அப்பா வந்திட்டார் எண்டு. அவவுக்குத் தெரியப்போறேல்லை. ப்ளீஸ்."

சொல்லத்தான் பக்கத்தில் போனேன். இத்தனை வருசம் பசியோடு காத்த ஆளிடம் அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது? வந்துவிட்டார் என்றால், எங்கே என்று வாசலைப் பார்ப்பாரே.

கரண்டியை நான் வாங்கினேன்.

"அம்மா, அது என்ர நேர்த்தி. நான்தான் நேந்தனான். திருப்பித் தாங்கோ."

என்னைப் பார்த்தார். யாரென்று தேடினார்.

"நீ சின்னப்பிள்ளையெல்லே. விழுந்திடுவாய்."

"நான் வளந்திட்டன் அம்மா. தலை நரைச்சிட்டுது, பாருங்கோ. இனி நான் பிடிக்கிறன்."

"அவர் வரும் மட்டும்?"

"ஓம். அப்பா வரும் மட்டும்."

என் தலையைத் தடவினார். நரையைத்தான் தடவிப் பார்த்தாரோ தெரியாது. பிறகு வாயைத் திறந்தார். அரைத்த பருப்பும் சோறும், ஒவ்வொரு கரண்டியாக, முழுக் கோப்பையும். அவருக்கு அப்படி ஒரு பசி.

சனிக்கிழமை வருகிறேன். என் பெயரைப் போடுங்கள். அந்த ஹீற்றரை ஒருமுறை பார்க்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் என்னை எண்ண வேண்டாம்.